நடுப்பெட்டிக்கு ஊற்றிய தேன்

மட்டாஞ்சேரி
24 ஜூலை 2024

விஷ்ணுப்ரியாவுக்கு,

சௌபாக்கியவதி என்று போடலாமா கூடாதா என்று அரைமணி நேரம் யோசித்தேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துபோன மருமகளுக்கு என்ன போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் வெறும் பேரைப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் மீதியைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் விலாசத்தைத் திருப்பூணித்துறையில் இருக்கும் உன் சித்தியிடம் கெஞ்சி வாங்கினேன். கிழவி ஏன் போன் செய்யவில்லை என்று நினைப்பாய். நீ போன புதிதில் உனக்குப் போன் செய்வேன், நீ எடுக்கமாட்டாய், நான் உட்கார்ந்து அழுவேன், பிரஷர் ஏறும். கேசவன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். "இனிமே அவளுக்கு போன் பண்ணப்படாது, கேட்டியாம்மா? பண்ணினா நான் இந்தப் பக்கமே வரமாட்டேனாக்கும்" என்றான். கடுதாசி போடக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. கடுதாசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்கு நினைவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் நீ விட்டுப்போன மூன்று தேன்பெட்டியும் இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தன. ஆடி பிறந்ததிலிருந்து நடுப்பெட்டியின் வாசலில் தினமும் காலையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடக்கிறது. முதலில் பார்த்தவர் கீழே மிளகு கோடவுனுக்குக் காவல் இருக்கும் ராமபத்ரன். "அம்மே, ஆரோ இவிடெ அரி எறிஞ்ஞிட்டுண்டு" என்றார். நானும் யாரோ அரிசியைத்தான் வீசியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கோலம் போடும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கிறது, நசுக்கினால் மாவாகிறது. சிலதில் கறுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் புழுவின் வடிவம். பெட்டிக்குள்ளிருந்து தேனடை கட்டிய ஒரு மரச்சட்டத்தை எடுத்து ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி உள்ளே சத்தம் கேட்கிறது.

மூன்று புழுவை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உனக்குத்தான் இதெல்லாம் படிப்பாயிற்றே, பார்த்துச் சொல்.

கேசவன் பெட்டிகளை விற்றுவிடு என்று பல தடவை சொல்லிவிட்டான். நான் விற்கவில்லை. இதுகள் இருக்கும்வரை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நீ எடுத்துப்போக வருவாய் என்று இருக்கிறேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இதுகளும் போய்விட்டால் இந்த வீட்டுப் படியேற உனக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

நீ போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். அதற்கு முன்னால் நான் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

கனகாம்பாள்


மடிக்கேரி
1 ஆகஸ்ட் 2024

அம்மா,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. பேரை மட்டும் போட்டது சரிதான், எனக்கு அதுவே போதும்.

என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வருகிறது. அதில் ஒரு சௌகரியம், கோபத்தோடு ஒரு வரியை ஆரம்பித்தாலும் முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய மூன்றும் செத்துக் காய்ந்த தேனீப் புழுக்கள். லேப்பில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இது ஒரு பூஞ்சை. அஸ்கோஸ்பேரா என்று ஒரு பூஞ்சைக் கூட்டமே இருக்கிறது, தேனீக்களின் கூட்டை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. அதன் வித்து, மாவைவிடப் பொடியானது, தீனியோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் போகிறது. உள்ளே முளைத்துப் பஞ்சு மாதிரி வளர்ந்து புழுவைத் தின்றுவிட்டு வெளியே வருகிறது. மிஞ்சுவதுதான் அந்தச் சுண்ணாம்புக் கட்டி. கறுப்புப் புள்ளி இருந்தால் புது வித்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வித்து பதினைந்து வருஷம்கூடச் சாகாமல் கிடக்கும்.

வாசலில் கொண்டுவந்து போடுவது வேலைக்காரத் தேனீக்கள். செத்த பிள்ளையைக் கூட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, பெட்டியை அடிக்கடி திறக்கிறீர்களா? புழு இருக்கும் இடம் எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும். மழையில் திறந்தால் குளிர்ந்துபோகும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இரண்டு, இது பெரும்பாலும் வடக்கே வளர்க்கும் பெரிய இத்தாலியத் தேனீயின் நோய். நம் ஊர்ச் சின்னத் தேனீக்கு அதிகம் வராது. மட்டாஞ்சேரி மாடிக்கு எப்படி வந்தது? வெளியிலிருந்து சட்டமோ தேனோ ஏதாவது கொடுத்தீர்களா? மழைக்காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேனே.

நடுப்பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு தேனடை ஒன்றை, புழுவும் தேனும் இருக்கிற மாதிரி வெட்டி, பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் அழுகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை இரண்டு வேளைக்கும் போடுகிறீர்களா?

விஷ்ணுப்ரியா


மட்டாஞ்சேரி
6 ஆகஸ்ட் 2024

விஷ்ணுப்ரியாவுக்கு,

அடையை ஹிந்து பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் காலண்டர் தாளில் சுற்றி, அனுப்பியிருக்கிறேன். தபாலாபீஸில் இருக்கும் பெண், "எந்தா அம்மே, பலகாரமாணோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டாள்.

வெட்டி எடுக்கும்போது நாலு கொட்டு. கொசுவலையைத் தலையில் போட்டுக்கொண்டு புகை காட்டினேன், ராமபத்ரன் கீழே நின்று சிரித்தார். கல்யாணத்துக்குத் தலையில் முக்காடு போட்ட சேட்டுப் பெண் மாதிரி இருந்தேனாம். சிரிக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த நடுப்பெட்டிக் கூட்டத்தை கோடவுன் சுவர்ப் பொந்திலிருந்து நீ கையால் அள்ளி எடுத்தபோது இதே ராமபத்ரன் பயந்து படகுத்துறை வரைக்கும் ஓடினவர்தானே.

பெட்டியை அடிக்கடி திறக்கிறேனா என்று கேட்டிருந்தாய். தினமும் திறந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையும் உண்டு. நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பார்த்ததே தப்பு என்கிறாய். சரி, இனிமேல் திறக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. வெளியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர்தான்.

மாத்திரை போடுகிறேன். கேசவன் ஞாயிற்றுக்கிழமை தான் தங்கியிருக்கும் தேவராவிலிருந்து வந்து டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவனும் இளைத்துத்தான் போயிருக்கிறான். நீ கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

கனகாம்பாள்


மடிக்கேரி
17 ஆகஸ்ட் 2024

அம்மா,

அடை வந்து சேர்ந்தது. புழுவில் நான் சொன்ன அதே பூஞ்சைதான். அது எனக்கு ஆச்சரியமில்லை.

தேனைத்தான் பார்த்து ஆச்சரியப்பட்டேன். எந்தத் தேனிலும் அது எடுக்கப்பட்ட பூவின் மகரந்தம் கலந்திருக்கும். ஒவ்வொரு பூவின் மகரந்தத்துக்கும் ஒரு முகம் உண்டு, பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் அடையில் தென்னை இருந்தது, முருங்கை இருந்தது, கோயில் நந்தவனத்துத் துளசி இருந்தது. எல்லாம் நம் மாடியைச் சுற்றி இருப்பதுதான். அதோடு பாதிக்குப் பாதி கடுகுப்பூ.

மட்டாஞ்சேரியில் எங்கேம்மா கடுகு வயல்? கடுகு பஜாரில் மூட்டையாகத்தான் இருக்கிறது, மூட்டை பூக்காது. கடுகுப்பூத் தேன் ராஜஸ்தானிலிருந்து வருகிறது, இத்தாலியத் தேனீ எடுப்பது. கடையில் பாட்டிலில் கிடைக்கும், கொஞ்ச நாளில் நெய் மாதிரி உறைந்துபோகும். அந்தத் தேனில்தான் வித்து வந்திருக்கிறது.

'கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது' என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? என் உத்தியோகமே அதுவாகிவிட்டது.

நான் கோபமாக இல்லை. நிஜமாகவே இல்லை. யார் கொடுத்தது, எவ்வளவு, எந்தெந்தப் பெட்டிக்கு என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டு பெட்டியையும் காப்பாற்ற முடியும். சொல்லுங்கள் அம்மா.

விஷ்ணுப்ரியா


மட்டாஞ்சேரி
23 ஆகஸ்ட் 2024

விஷ்ணுப்ரியாவுக்கு,

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்குப் பதினோரு நாள் ஓடியது. நான் பொய்தான் சொன்னேன். நடுப்பெட்டிக்குத் தேன் ஊற்றினேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான். நான் ஊற்றியது அபிஷேகத் தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நீ இந்த வீட்டை விட்டுப் போன மாசத்திலிருந்து ஒவ்வொரு அனுஷத்துக்கும் உன் பேரில், உன் நட்சத்திரத்தில், கோயிலில் சுப்பிரமணியருக்குத் தேனபிஷேகம் செய்கிறேன். கேசவனுக்குத் தெரியாது. தேன் பாட்டிலைக் கடையில் நானே வாங்கிக் கொடுப்பேன். நம் பெட்டித் தேனை எடுக்கலாம்தான், உன்னைக் கேட்காமல் எடுக்க மனசு வரவில்லை. குருக்கள் சங்கல்பத்துக்குக் கோத்திரம் கேட்டபோது எதைச் சொல்வது என்று விழித்தேன். எங்கள் கோத்திரத்தையே சொன்னேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அபிஷேகம் ஆனதும் ஒரு டம்ளர் நிறையத் தேனைப் பிரசாதமாகக் கையில் கொடுத்துவிடுவார். அதை என்ன செய்வது? எனக்குச் சர்க்கரை, நாக்கில் ஒரு சொட்டு வைத்துக்கொள்வேன். கேசவனுக்குக் கொடுத்தால் எந்தக் கோயில், என்ன விசேஷம், யார் பேரில் என்று நோண்டுவான். பிரசாதத்தைச் சாக்கடையில் கொட்ட முடியுமா? உன் பேரில் செய்தது உன்னுடையதுக்குத்தானே போய்ச் சேர வேண்டும் என்று உன் செல்லப் பெட்டிக்கு ஊற்றினேன். சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, கதவோரம் நின்று அவை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீயே சாப்பிடுகிற மாதிரி ஒரு திருப்தி. மாசா மாசம், பதினெட்டுத் தடவை.

நீ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் படிக்காமல் இல்லை. சாமிக்கு ஊற்றிய தேன் யாருக்காவது கெடுதல் செய்யுமா என்று நினைத்துவிட்டேன். சாமி என்ன செய்வார், பாட்டில் வாங்கினது நான்.

ஏன் இந்த அபிஷேகம் என்று கேட்பாய். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான்.

பெட்டியைக் காப்பாற்ற வழி இருந்தால் எழுது. உன் கையெழுத்தைப் பார்க்காவிட்டால்கூடப் பரவாயில்லை, யாரையாவது விட்டு எழுதச் சொல்.

கனகாம்பாள்


மடிக்கேரி
4 செப்டம்பர் 2024

அம்மா,

முதலில் பெட்டி. நடுப்பெட்டியின் அடை எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. வெயில் வரும் ஒரு நாள் பார்த்து, புதுப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் உதறித் தேனீக்களை அதில் விழவைத்துவிடுங்கள். கறுப்பாக நீளமாக ஒன்று இருக்கும், ராணி, அது உள்ளே போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ராணித் தடுப்பைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தோடு பறந்துவிடும். சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், பத்து நாள் திறக்காதீர்கள். பழைய அடையில் உயிரோடு இருக்கும் புழுவும் இருக்கும். பாவம் பார்க்க வேண்டாம். அதிலும் வித்து இருக்கும்.

இனி மற்றது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த வார்த்தை, அந்த வார்த்தை என்று நீங்கள் எழுதுகிறீர்கள், என்ன வார்த்தை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். கர்ப்பம் கலைந்து நாலு மாசம் ஆகியிருந்தது. நான் மாடியில் அடையை வைத்துக்கொண்டு புழுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் துணி உலர்த்த வந்தீர்கள். "புழு எத்தனைன்னு எண்ணத் தெரியறது. வயத்துல இருந்த ஒண்ணக் காப்பாத்தத் தெரியல்லியே நோக்கு" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவர் நீங்கள். சிக்குப் பிடித்த என் தலையை வாரிப் பின்னிவிட்டவர் நீங்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். எனக்கும் கேசவனுக்கும் ஆயிரம் இருந்தது, நாங்கள் பிரிந்தது உங்களால் இல்லை. ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கியது உங்களால்தான்.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? தேனடையில் நூறு அறைக்கு எத்தனை புழு செத்திருக்கிறது என்று எண்ணி எழுதுவது. தினமும் எண்ணுகிறேன். எண்ணும்போதெல்லாம் உங்கள் குரல் கேட்கிறது.

இனி என் பேரில் அபிஷேகம் வேண்டாம். பதினெட்டு மாசமாகச் சாமியிடம் சொன்னதை ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

விஷ்ணுப்ரியா


மட்டாஞ்சேரி
13 செப்டம்பர் 2024

விஷ்ணுப்ரியாவுக்கு,

நேற்று வெயில் அடித்தது. நீ எழுதியபடியே எல்லாம் செய்துவிட்டேன்.

புதுப் பெட்டிக்கு ராமபத்ரன் தெரிந்த ஆசாரியிடம் சொல்லிவைத்திருந்தார். கொசுவலையை இந்தத் தடவை அவரும் போட்டுக்கொண்டார், நான் சிரிக்கவில்லை. ஏழு சட்டத்தையும் உதறினோம். ராணி ஆறாவதில் இருந்தது. அதைக் கீழே விடாமல் புதுப் பெட்டிக்குள் இறக்கினேன். தடுப்பைச் செருகிவிட்டேன். கோடவுன் பக்கம் தீ மூட்டக் கூடாது என்று முதலாளி கண்டித்திருக்கிறார், அதனால் அடைகளைப் பழைய பெயிண்ட் டின்னில் போட்டுக் கொல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ராமபத்ரன், "ஞான் செய்யாம் அம்மே, நிங்கள் மாறி நில்லு" என்று தீப்பெட்டியைக் கேட்டார். நான் விலகி நிற்கவில்லை. ஊற்றினது நான், எரிக்கிறதும் நான்தான் செய்ய வேண்டும்.

கொளுத்துவதற்கு முன்னால் ஒரு அடையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாதி அறையில் சுண்ணாம்புக் கட்டி. மீதி அறையில் உயிரோடு இருக்கிற புழு, வெள்ளையாக, ஈரமாக, சுருண்டு படுத்துக்கொண்டு. அவை ஒரு பாவமும் அறியாதவை. நான் அழுதேன். ராமபத்ரன் புகையாக்கும் காரணம் என்று நினைத்துக்கொண்டு என்னை நகரச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை புழுவும் செத்தது என் கையால். நானே பாட்டில் வாங்கி, நானே ஊற்றி, நீ எழுதி ஒட்டினதையும் மீறி. அதற்கு மேல் பொய் வேறு. நீ மூன்று கடுதாசி எழுதினாய். ஒன்றிலாவது, "உங்களுக்குக் காப்பாத்தத் தெரியல்லியே" என்று கேட்டாயா? கேட்கவில்லை. குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திறக்காதீர்கள், மாத்திரை போட்டீர்களா என்றுதான் கேட்டாய். நீயோ உன் தப்பு ஒன்றும் இல்லாமல் ஒன்றை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். டாக்டர் என்னிடமே சொன்னார், அது யார் கையிலும் இல்லை என்று. எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். பேரன் பேத்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ஆத்திரத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது, நீ கையெட்டும் தூரத்தில் இருந்தாய்.

இதில் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. எழுதினால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும். நீ பதில் போட வேண்டாம். அபிஷேகத்தை நிறுத்திவிட்டேன்.

மற்ற இரண்டு பெட்டி வாசலிலும் இன்றுவரை ஒன்றும் விழவில்லை. நாளன்றைக்கு ஓணம். பஜாரில் காலெடுத்து வைக்க இடமில்லை.

கனகாம்பாள்


மடிக்கேரி
30 செப்டம்பர் 2024

அம்மா,

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வாரம் அப்படியே இருந்து பார்த்தேன். முடியவில்லை.

டாக்டர் உங்களிடம் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. என்னிடமும் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் ஆறுதலுக்குச் சொல்வதுதானே அது என்று நினைத்திருந்தேன். புழுக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மைக்ராஸ்கோப் இருக்கிறது, என் விஷயத்துக்கு அப்படி ஒன்று இல்லை. என்னைப் பற்றி ராத்திரி பகலாக நானே விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன். படியேறினதாலா, பெட்டி தூக்கினதாலா, தேனீக்குக் காட்டிய புகை ஒத்துக்கொள்ளாமல் போனதாலா என்று. உங்கள் கடிதத்தில் 'உன் தப்பு ஒன்றும் இல்லாமல்' என்று இருந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். இதை எனக்குச் சொல்ல வேண்டியிருந்த ஆள் நீங்கள்தான் அம்மா. வேறு யார் சொன்னாலும் எனக்குள்ளே போகவில்லை.

ராமபத்ரன் சேட்டன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார், உங்களுக்குத் தெரியாமல். புதுப் பெட்டியில் மூன்று அடை கட்டிவிட்டார்கள். வாசல் சுத்தமாக இருக்கிறது. பெட்டிகள் பிழைத்துவிடும். இனி அவற்றைப் பார்க்க நான் வர வேண்டிய அவசியம் இல்லை.

பூஜை லீவில் வருகிறேன். வெள்ளிக்கிழமை கிளம்பி, கண்ணூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். அக்டோபர் 12 சனிக்கிழமை காலை எர்ணாகுளம். படகில் மட்டாஞ்சேரிக்கு வந்துவிடுவேன். கேசவனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஒளிந்து வர எனக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டு மருமகளாக வரவில்லை. அது முடிந்துபோன விஷயம், அதை யாரும் கிளற வேண்டாம். பெட்டி எடுத்துப்போகவும் வரவில்லை. உங்களைப் பார்க்க வருகிறேன், இரண்டு நாள் இருப்பேன்.

விஷ்ணுப்ரியா


மட்டாஞ்சேரி
5 அக்டோபர் 2024

விஷ்ணுப்ரியாவுக்கு,

இது உனக்கு நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

கேசவனிடம் சொன்னேன். கடுதாசி, அபிஷேகம், எல்லாவற்றையும். தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான், தலை நிமிரவில்லை. கை கழுவி வந்து, "சனிக்கிழமை நான் வரல்லே, நீங்க ரெண்டு பேரும் இருங்கோ" என்றான். அப்புறம் மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். "அந்த நடு ஸ்டாண்டு ஒரு கால் ஆடறது, ஆசாரிய விட்டு சரி பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றான். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

உனக்கு முன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சேப்பங்கிழங்கு வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் சால்வை எடுத்துக்கொள், ஜன்னல் ஓரம் உட்காராதே.

ஒரே ஒரு விஷயம், அதற்குத்தான் இந்தக் கடுதாசி. நீ வந்ததும் மாடிக்கு ஓடாதே. காப்பி குடி, அப்புறம் கூடத்தில் என் எதிரில் உட்கார். நான் உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன், அது எவ்வளவு பெரிய பொய் என்று ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். எனக்கு நேரமாகும். எனக்கு உன்னைத் தெரியும். நான் ஆரம்பித்ததுமே உனக்கு மனசு இளகிவிடும், "போறும்மா, பரவால்லே, விடுங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். அதை மட்டும் செய்யாதே குழந்தை. பரவாயில்லை என்று விடக்கூடியது இல்லை அது. நான் மன்னிப்பை முழுதும் கேட்டு முடிக்கிற வரைக்கும் என்னை விட்டுவிடாதே.

கனகாம்பாள்